வெண்கலச் சிலை: தேய்ப்பதா, மெழுகு பூசுவதா, அப்படியே விடுவதா?

சுவாமிமலையிலிருந்து ஆசையாக வாங்கி வந்த நடராஜர் ஒரு வருடத்திலேயே மங்கிவிட்டார் என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. வாங்கும்போது மின்னிய உடம்பு மெல்ல மெல்லக் காப்பிப்பொடி நிறத்துக்குப் போகிறது. திருவாசியின் சுடர்களுக்கு நடுவே கறுப்பு ஏறுகிறது. உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பாட்டி புளியைக் கரைக்கச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் பாலிஷ் டப்பாவை நீட்டுவார். கடைக்காரரைக் கேட்டால் லாக்கர் என்னும் நிறமில்லாத பூச்சு அடித்துவிடலாம் என்பார். இணையத்தில் தேடினால் மெழுகு என்று வரும். அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர் யாராவது கிடைத்தால், கையே வைக்காதீர்கள் என்பார்.

எல்லாவற்றுக்கும் ஓரளவு காரணம் இருக்கிறது. ஆனால் ஒருவருடைய சிலைக்குச் சரியாக வருவது இன்னொருவருடைய சிலையைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் அழகுக்காக நிற்கும் புதிய சிலைக்கு மெழுகுதான் நல்லது. பூஜையில் இருக்கும் மூர்த்திக்குச் சுத்தமான தண்ணீரும் பருத்தித் துணியும் கொஞ்சம் விபூதியும் போதும். நூறு வருடம் கடந்த சிலை என்றால் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளிர்பச்சைப் பொடி பூக்கும் சிலை தனி விஷயம். அதற்கு மேலே சொன்ன எதுவுமே மருந்து ஆகாது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்தக் கறுப்பு என்ன?

நம் ஊரில் பஞ்சலோகம் என்று சொல்லும் சிலைகளில் பெரும்பங்கு செம்புதான். அதோடு பித்தளை, ஈயம், சில சமயம் வெள்ளீயம், சம்பிரதாயத்துக்குத் துளி வெள்ளியும் தங்கமும் சேரும். செம்பு காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் செம்பழுப்பாக ஒரு மெல்லிய படலம் போர்த்திக்கொள்கிறது. பிறகு அது கருமையாகும். இப்படிப் படிந்த படலம் கெட்டியாக, பரவலாக, உலோகத்தோடு ஒட்டியிருந்தால் அது சிலைக்குக் காவல். அடியில் இருக்கும் உலோகம் மேலும் அரிக்காமல் தடுப்பது அதுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: சிலை மங்குவதும் சிலை கெடுவதும் வேறு வேறு.

செம்பைக் கெடுப்பதில் முதல் எதிரி உப்பு. இன்னும் சரியாகச் சொன்னால் உப்பில் இருக்கும் குளோரைடு. கடற்காற்று, வேர்வைக் கை, போர் தண்ணீர் என்று அது பல வழிகளில் வந்து சேரும். இரண்டாவது எதிரி ஈரம். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் களிம்பு வலுக்கிறது.

புளியும் பாலிஷும்

புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டுமே கறுப்புப் படலத்தைக் கரைத்து உலோகத்தை வெறுமையாக்கிவிடும். அதனால்தான் தேய்த்தவுடன் அப்படி ஒரு பளபளப்பு. அது நீடிக்காததற்கும் அதுவே காரணம். போர்வை இல்லாத செம்பு முன்பைவிட வேகமாகக் காற்றோடு வினைபுரிகிறது. மறுபடி கறுக்கிறது, மறுபடி தேய்க்கிறோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகிறது. பாத்திரத்தில் அது தெரியாது. ஆனால் நடராஜரின் விரல் நகத்திலும், அம்மன் இடுப்பாடையின் கோடுகளிலும், ஸ்தபதி உளியால் கடைசியாகத் திருத்திய புருவத்திலும் அது தெரியும். பித்தளை கலந்த சிலையை எலுமிச்சையில் நெடுநேரம் ஊறவிட்டால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து, அங்கங்கே இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். அதைத் திரும்பச் சரிசெய்வது கடினம்.

பல வீடுகளில் புளியோடு கல் உப்பையும் சேர்த்துத் தேய்ப்பார்கள். தயவு செய்து இதைச் சிலைக்கு மட்டும் செய்யாதீர்கள். அமிலம் படலத்தைத் திறந்துவிடுகிறது, உப்பு உள்ளே போய் உட்காருகிறது. குத்துவிளக்கைத் தேய்த்துக் கழுவினால் உப்பு போய்விடும், ஏனென்றால் அது வழுவழுப்பானது. சிலையில் எத்தனை மூலை, எத்தனை மடிப்பு! பத்மபீடத்தின் இதழ்களுக்கு அடியிலும் ஜடாமுடியின் இடுக்குகளிலும் தங்கிய உப்பு அடுத்த மழைக்காலத்தில் பச்சையாக வெளியே வரும்.

கடைகளில் கிடைக்கும் பித்தளை பாலிஷ்களில் பெரும்பாலும் தேய்க்கும் துகள் ஒன்றும், பலவற்றில் அம்மோனியாவும் இருக்கும். துகள் சீவிவிடும், அம்மோனியா செம்பைக் கரைக்கும். வேலை முடிந்த பிறகு இடுக்குகளில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும் மிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை எடுக்க இன்னொரு நாள் வேண்டும்.

‘ஆண்டிக்’ பினிஷ் என்று கறுப்பும் பச்சையுமாக வரும் சிலைகளை வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த நிறம் ரசாயனத்தால் ஏற்றிய மெல்லிய படலம்தான். ஒரே ஒரு தடவை புளி பட்டாலும் முகம் பளபளவென்றும் முதுகு கறுப்பாகவும் நிற்கும்.

தேய்த்தே ஆக வேண்டும் என்றால்? பூஜை மூர்த்தி கறுத்திருக்கக் கூடாது என்ற மனசு எனக்குப் புரிகிறது. அப்படியானால் நன்றாகச் சலித்த உலர்ந்த விபூதியைப் பருத்தித் துணியில் எடுத்து மெதுவாகத் துடையுங்கள். அதுவும் லேசாகத் தேய்க்கத்தான் செய்யும், ஆனால் புளிபோல அமிலம் இல்லை. கண், மூக்கு, உதடு ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள். கம்பி பிரஷ்ஷும் இரும்பு ஸ்கிரப்பரும் கிட்டவே வரக் கூடாது.

எண்ணெய் வேண்டாம்

தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பு மறைந்து சிலை மினுமினுக்கும் என்பது உண்மை. சில வாரங்களுக்குத்தான். பிறகு எண்ணெய் சிக்குப் பிடித்து, அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து பசை பசையாகப் பச்சை கட்டும். விளக்குப் புகையும் தூசும் அதில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மேல் எண்ணெயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மெழுகும் லாக்கரும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: காற்றுக்கும் ஈரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு. வித்தியாசம் அந்தத் தடுப்பு பழசாகும்போது தெரியும்.

லாக்கர் கண்ணாடி போன்ற கெட்டிப் படலம். நன்றாக அடித்தால் சில வருடங்கள் அசையாது, கையால் தொட்டாலும் தாங்கும். உலகம் முழுக்கச் சிலைப் பாதுகாப்பாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒன்று ‘இன்க்ராலாக்’. 1960களில் செம்புக்காகவே உருவாக்கப்பட்ட அக்ரிலிக் லாக்கர் அது. அதிலேயே அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கலந்திருக்கும். ஆனால் நம் ஊரில் கடைக்காரர் அடித்துத் தரும் லாக்கர் பெரும்பாலும் மரச்சாமானுக்கு அடிக்கும் சாதாரணக் கிளியர் கோட். அது ஒரு மூலையில் ஊசிமுனை அளவு விட்டுப்போனால் போதும், ஈரம் அந்த வழியாக உள்ளே போய்ப் படலத்துக்கு அடியிலேயே பரவும். மேலே பார்த்தால் மினுமினுப்பு, உள்ளே கறுப்புத் திட்டுகள். துணியால் துடைத்தால் போகாது. முழு லாக்கரையும் அசிட்டோன் அல்லது தின்னர் வைத்துக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். நுணுக்கமான சிலையில் அது ஒரு பெரிய வேலை, காற்றோட்டம் இல்லாத அறையில் உடம்புக்கும் ஆகாது. விளக்கேற்றும் இடத்தில் லாக்கர் அடித்த சிலையை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, வெப்பத்தில் மஞ்சளித்துப்போகும்.

மெழுகு அவ்வளவு நாள் உழைக்காது. ஆனால் தேய்ந்துபோனால் சத்தமில்லாமல் தேயும். திட்டாக உரியாது. மேலேயே இன்னொரு பூச்சுப் பூசலாம். வேண்டாம் என்றால் ஒயிட் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) நனைத்த துணியில் துடைத்துவிடலாம். நாம் செய்தது பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும் என்பதுதான் சிலைப் பாதுகாப்பில் எனக்கு மிகவும் பிடித்த கொள்கை. மெழுகு அதற்கு இடம் கொடுக்கிறது.

எந்த மெழுகு? பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு என்று கேட்டு வாங்குங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் தேவைக்காக உருவான ‘ரெனைசான்ஸ் வாக்ஸ்’ அந்த வகைதான். விலை அதிகம்போலத் தோன்றும், ஆனால் ஒரு முழ உயரச் சிலைக்கு விரல் நுனி அளவே போதும் என்பதால் ஒரு சின்ன டப்பா பல வருடம் வரும். தேன்மெழுகு கைக்கு எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதில் இயற்கையாகவே கொஞ்சம் அமிலம் உண்டு. நம் வெயிலில் இளகிப் பிசுபிசுத்துத் தூசு பிடிக்கும். கார் மெழுகில் தேய்க்கும் துகள் கலந்திருக்கலாம், தவிர்ப்பது நல்லது.

பூசும் விதம் சுலபம். முதலில் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தூசு எடுக்க வேண்டும். அழுக்கு இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் (பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு விற்கிறார்களே, அதேதான்) ஈரப்படுத்திய துணியால் துடைக்கலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், சென்னை போர் தண்ணீர் அறவே வேண்டாம். துடைத்தபின் ஹேர் டிரையரால் இளஞ்சூடாகக் காயவைத்து, சிலை கையில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெழுகை மெல்லிசாகத் தடவ வேண்டும். சூட்டில் அது இடுக்குகளுக்குள் தானாகப் போகும். ஆறியதும் பழைய பருத்தி வேட்டித் துணியால் மெருகேற்றுங்கள். கனமாகப் பூசினால் இடுக்கில் வெள்ளையாக நிற்கும், அதனால் இரண்டு மெல்லிய பூச்சு ஒரு கனமான பூச்சைவிட நல்லது. வீட்டுக்குள் இருக்கும் சிலைக்கு வருடம் ஒரு முறை தாராளம். மழைக்காலம் தொடங்கும் முன், ஆவணி புரட்டாசியில் செய்துவிட்டால் ஐப்பசி அடைமழையைத் தாங்கும்.

ஒரு விஷயம்: மெழுகு இருக்கும் நிறத்தைத்தான் பாதுகாக்கும். கறுத்த சிலையைப் பொன்னாக்காது. பளபளப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள், வாங்கிய வாரத்திலேயே, சிலை இன்னும் புதிதாக இருக்கும்போதே பூசிவிட வேண்டும்.

அபிஷேகம் நடக்கும் மூர்த்தி

இங்கே மெழுகும் லாக்கரும் தோற்றுப்போகும். பாலும் தயிரும் தேனும் வெந்நீரும் படும் இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. அப்படிப்பட்ட பூச்சின் மேல் அபிஷேகம் செய்ய மனசும் ஒப்பாது. தயிரில் லாக்டிக் அமிலம், இளநீரில் உப்பு, எலுமிச்சையைப் பற்றி முன்பே சொன்னோம். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. பல தலைமுறை நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பழைய கோயில் உற்சவர்களின் முகத்தில் பார்க்கலாம்: மூக்கும் உதடும் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஆடையின் கோடுகள் மறைந்திருக்கும். மண்ணுக்குள் புதைந்து பிறகு வெளிவந்த சிலைகளில் அந்தக் கோடுகள் கூர்மையாகவே இருக்கும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரின், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தத் திருமேனியின், தலைப்பாகை போலச் சுற்றிய ஜடையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தேய்ந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை. பக்தியால் தேய்ந்த முகம் அது. ஆனாலும் வீட்டில் இருக்கும் ஒரே சிலையை எதற்காக வைத்திருக்கிறோம் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

நம் ஆகமங்கள் இதற்கு எப்போதோ வழி வைத்திருக்கின்றன. வைணவக் கோயில்களில் மூலவர் தவிர, உற்சவத்துக்கு ஒரு மூர்த்தி, திருமஞ்சனத்துக்கு என்றே ஒரு மூர்த்தி என்று தனித்தனியாக இருப்பதுண்டு. பின்னதற்கு ஸ்நபன பேரம் என்று பெயர். இதையே வீட்டிலும் செய்யலாம். பெரிய சிலைக்கு மெழுகு பூசிப் பூ சாற்றித் தீபாராதனையோடு நிறுத்திக்கொண்டு, உள்ளங்கை அளவு மூர்த்தி ஒன்றை அபிஷேகத்துக்கு வைத்துக்கொள்வது. நான் பார்த்த எல்லா யோசனைகளிலும் இதுதான் சிலைக்கும் மனசுக்கும் ஒருசேர நன்மை செய்வது.

ஒரே மூர்த்திதான் என்றால், அபிஷேகம் முடிந்தவுடன் நிறையச் சுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கடைசிச் சொம்பு கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஆக இருக்கட்டும். அப்புறம் பீடத்தின் அடியிலும் துளைகளிலும் ஈரம் தங்காமல் துடைத்துக் காயவைத்த பிறகே வஸ்திரம் சாற்ற வேண்டும். ஈரச் சிலையின் மேல் பட்டுத் துணியைச் சுற்றி ஒரு நாள் விட்டால், துணி பட்ட இடமெல்லாம் பச்சை படியும். சந்தனமும் குங்குமமும் காய்ந்து வாரக்கணக்கில் நிற்க விடாதீர்கள்; அவை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

வெளிர்பச்சைப் பொடி

இதுதான் பயப்பட வேண்டிய இடம். கெட்டியான கரும்பச்சை உலோகத்தோடு ஒட்டியிருக்கும், நகத்தால் கீறினால் வராது; அது பாதகமில்லை. ஆனால் புள்ளி புள்ளியாக, மிக வெளிர்ந்த பச்சையில், மாவுபோல உதிரும் பொடி பூத்து, தட்டிவிட்ட சில நாளில் அதே இடத்தில் மறுபடி பூத்தால், அது ‘வெண்கல நோய்’. ஒரு சிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் நோய் இல்லை இது. உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலம் உண்டாக்குகிறது. அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. ஈரம் இருக்கும்வரை இந்தச் சுழற்சி நிற்காது. மேலே மெழுகோ லாக்கரோ பூசினால் உள்ளே நடப்பது கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான்.

இதற்கும் சில வழிகள் உண்டு. முதலாவது, ஈரத்தை வெட்டுவது. காற்றின் ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த வினை ஏறக்குறைய உறங்கிவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அது 60க்கு மேல் என்பதால், சிறிய சிலையைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிகா ஜெல்லோடு வைக்க வேண்டும். நிறம் மாறினால் ஜெல்லைச் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடலாம். வீட்டில் ஒருவர் பயமில்லாமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

இரண்டாவது பென்சோட்ரையசோல். ஆல்கஹாலில் 3 சதவீதம் கரைத்து அதில் சிலையை ஊறவைப்பார்கள். அது செம்போடு பிணைந்து ஒரு தடுப்பு உண்டாக்கும். உலகின் பல அருங்காட்சியகங்களில் 1960களின் கடைசியிலிருந்து இதுவே வழக்கம். ஆனால் உடம்புக்கு நல்லதல்ல, கையுறையும் முகக்கவசமும் அனுபவமும் வேண்டும். சமையலறைக்கு உகந்த வேலை இல்லை.

மூன்றாவது மின்னாற்பகுப்பு. இதில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வெண்கல நோய் பிடித்த செப்புத் திருமேனிகளைக் காப்பாற்றுவதற்காக 1930இல் ஒரு ரசாயனக் கூடம் தொடங்கப்பட்டு, வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே மின்சாரம் செலுத்திக் குளோரைடை வெளியேற்றும் முறையைக் கையாண்டார். அழிந்துபோயிருக்கக்கூடிய பல சிலைகள் நின்றன. இன்றைய பாதுகாப்பாளர்கள் அந்த முறையை எளிதில் எடுப்பதில்லை. அது களிம்போடு சேர்த்து சிலையின் மேல் பல நூற்றாண்டுகளாகப் படிந்த நல்ல படலத்தையும் நீக்கி, வெறும் உலோகத்தை விட்டுவிடும். துணி, மண், வழிபாட்டுப் பொருள் ஆகியவற்றின் தடயங்களும் அதோடு போய்விடும். சிலையா தடயமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் அன்று அவர்கள் சிலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது சரியான முடிவுதான் என்பது என் எண்ணம். இன்று வேறு வழிகள் இருப்பதால் நமக்கு அந்த நெருக்கடி குறைவு.

வெளியே நிற்கும் சிலைகள்

மெரினாவில் 1959 முதல் நிற்கும் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்கும், 1839இலிருந்து வெயிலில் நிற்கும் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலைக்கும் நிலைமை வேறு. மழையும் பறவை எச்சமும் புகையும், மெரினாவில் கூடவே கடல் உப்பும். இங்கே லாக்கருக்கு நியாயம் அதிகம்: அடியில் இன்க்ராலாக், அதன் மேல் மெழுகு என்று இரண்டையும் சேர்ப்பதுதான் நீண்ட நாள் உழைக்கும். மெழுகு தேய்ந்து லாக்கரைக் காக்கும், லாக்கர் உலோகத்தைக் காக்கும். மெழுகு மட்டும் போதும் என்றால் வருடந்தோறும் ஆள் வர வேண்டும், கழுவி உப்பை நீக்கிவிட்டுப் பூச வேண்டும். அப்படி வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் நான் மெழுகையே சொல்வேன். திறப்பு விழா முடிந்ததும் மறந்துவிடும் சிலை என்றால் லாக்கர். ரோமில் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் குதிரைச் சிலையை 1981இல் சதுக்கத்திலிருந்து எடுத்துப் பழுதுபார்த்து, அருங்காட்சியகத்துக்குள் வைத்துவிட்டு, வெளியே நகலை நிறுத்தினார்கள். எல்லாப் பூச்சுகளையும்விடக் கூரை சிறந்தது. ஆனால் தெருவில் நின்று மக்களோடு இருப்பதற்காகவே வார்த்த சிலைக்கு அது கடைசி வழி.

பழைய சிலை, தோண்டியெடுத்த சிலை

நூறு ஆண்டு கடந்த சிலை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; வீட்டில் வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். குடும்பச் சொத்தாக வந்தது என்றால் முதலில் அந்தக் காகித வேலையை முடியுங்கள். பிறகு தூசு தட்டுவதைத் தவிர எது செய்வதானாலும் அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் ஒருவரைக் கேட்ட பிறகு.

அஸ்திவாரம் தோண்டும்போதோ குளம் தூர்வாரும்போதோ சிலை கிடைத்தால், ஊரே கூடிப் புளி போட்டுத் தேய்த்து யார் என்று பார்ப்பது வழக்கமாக இருக்கிறது. ஆர்வம் புரிகிறது. ஆனால் அந்தக் களிம்பிலும் மண்ணிலும்தான் சிலையின் வயதும் இடமும் இருக்கின்றன. சில சமயம் பீடத்தில் எழுத்தும் இருக்கும். புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி தகவல் எழுத்து மூலம் கலெக்டருக்குப் போக வேண்டும், அதற்கு முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கழுவாமல், பால் ஊற்றாமல், மஞ்சள் பூசாமல், மண் ஒட்டியபடியே நிழலில் ஒரு பருத்தித் துணியின் மேல் படுக்க வையுங்கள். எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று எடுக்கும் முன்பே நாலைந்து போட்டோ எடுத்துவிடுங்கள்.